வீட்டுப் புத்தகங்களை அடுக்குவது எப்படி: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெகிவளைப் பக்கங்களில் வீட்டு நூலகங்களையும் சிறிய வாசிகசாலைகளையும் ஒழுங்குபடுத்தும்போது எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே தந்திருக்கிறோம். கடற்காற்றும் ஈரமும் உள்ள நகரம் இது. மூன்று மொழிப் புத்தகங்களும் ஒரே வீட்டில் இருக்கும். குளிர்நாட்டு வழிகாட்டிகளில் சொல்லப்படுவது பாதிக்குமேல் இங்கே பொருந்தாது.

1. எங்கட வீட்டில 200 புத்தகம்தான் இருக்கு. இதுக்கும் ஒரு முறை வேணுமோ?

வேண்டும், மிக எளிய முறையாக. சாதாரணப் புத்தகம் சராசரியாக 2 செ.மீ. தடிப்பு என்று வைத்தால் 200 புத்தகத்துக்கு 4 மீற்றர் நீளம் தேவை. 80 செ.மீ. அகலமான அலுமாரியில் அது ஐந்து தட்டு. நாவல், கவிதை, வரலாறு, சமயம், பாடநூல், பிள்ளைகளுடையது என்று ஆறு பிரிவு போதும்.

ஒரு முறை சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. அடுக்கியவர் இல்லாத நேரத்தில் வீட்டிலுள்ள இன்னொருவரிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து உரிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கி நின்றால் பிரிவுகள் கூடிவிட்டன அல்லது பெயர்கள் தெளிவில்லை. தேடி எடுப்பதை எல்லோரும் எப்படியோ செய்துவிடுவார்கள். அடுக்கு குலைவது திருப்பி வைக்கும் இடத்தில்தான். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றையும் இந்தச் சோதனையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

2. முதல்ல எங்கயிருந்து தொடங்கிறது?

எல்லாவற்றையும் இறக்குவதிலிருந்து. இடமில்லாவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு தட்டு. வெறும் தட்டை உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டு ஒரு மணித்தியாலமாவது காயவிடுங்கள். ஈரத் தட்டில் புத்தகம் வைப்பது பூஞ்சணத்துக்கு அழைப்பு வைப்பதுதான். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் மேல் விளிம்பை முதுகுப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். எதிர்ப்பக்கமாகத் தட்டினால் தூசி முதுகு இடுக்கில் போய் அடையும்.

பிறகு பிரிவு வாரியாக நிலத்தில் துணி விரித்துக் குவியுங்கள். ஒவ்வொரு குவியலின் மொத்தத் தடிப்பையும் அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு, அதன்பின் எந்தப் பிரிவுக்கு எத்தனை தட்டு என்று தீர்மானியுங்கள். அளக்காமல் மேல் தட்டிலிருந்து அடுக்கத் தொடங்குபவர்கள் மூன்றாம் தட்டுக்கு வரும்போது எல்லாவற்றையும் மீண்டும் இறக்க நேரும். எங்கே சேர்ப்பது என்று தெரியாத புத்தகங்களை ஒரு பெட்டியில் போடுங்கள். கடைசியில் அவற்றில் பாதி தாமாகவே இடம் காட்டும்.

3. தச்சு பாஸிட்ட என்ன அளவு சொல்லுறது?

பெரும்பாலான தமிழ் நூல்கள் கிரவுன் அல்லது டெமி அளவில் வருகின்றன. கிரவுன் ஏறக்குறைய 12.5 × 18 செ.மீ., டெமி ஏறக்குறைய 14 × 21.5 செ.மீ. பாடநூல், சஞ்சிகை, கோப்பு எல்லாம் ஏ4 அல்லது அதற்குக் கிட்ட: 21 × 29.7 செ.மீ. ஆகவே தட்டு ஆழம் 25 செ.மீ., தட்டுகளுக்கு இடையில் உட்பக்க உயரம் 25 செ.மீ., கீழே இரண்டு தட்டு மட்டும் 34 செ.மீ. என்று சொல்லுங்கள். புத்தகத்தின் தலைக்கு மேல் மூன்று செ.மீ. வெளி இருந்தால்தான் விரலை விட்டு எடுக்கலாம், காற்றும் போகும். தட்டுகளை ஆணி அடித்து இறுக்காமல், துளையில் செருகும் தாங்கிகளில் வைக்கச் சொன்னால் பிறகு உயரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

முக்கியமான அளவு தட்டின் நீளம். புத்தகங்களின் பாரம் தட்டு முழுவதும் பரவி நிற்கும்போது, தட்டு தொய்யும் அளவு நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதே 18 மி.மீ. பலகையில் 60 செ.மீ. தட்டைவிட 90 செ.மீ. தட்டு ஐந்து மடங்கு தொய்யும். ஒரு மீற்றர் நீளப் புத்தகம் 20 முதல் 30 கிலோ வரை நிறைவரும், வழவழப்பான தாளில் அச்சிட்டவை இன்னும் கூட. சிப்போட் என்றால் 60 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி ஊதும், ஊதினால் பழைய நிலைக்கு வராது. நல்ல பிளைவூட் அல்லது பலகை என்றால் 75 செ.மீ. வரை தாங்கும். ஏற்கெனவே நீளமான தட்டு இருந்தால் நடுவில் ஒரு செங்குத்துத் துண்டு வைத்தால் போதும்.

மூன்றாவது, அடிப்பகுதி. மிகக் கீழ்த் தட்டு நிலத்திலிருந்து குறைந்தது 10 செ.மீ., முடிந்தால் 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நிலம் துடைக்கும் தண்ணீரும் கறையானும் முதலில் தொடுவது அதைத்தான். ஆறடிக்கு மேற்பட்ட அலுமாரியைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம்.

4. எந்தச் சுவரோட வைக்கிறது நல்லம்?

வீட்டின் உட்சுவரோடு. மழை அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறைக்கு அடுத்த சுவரும் மேலே தண்ணீர்த் தாங்கி உள்ள இடமும் வேண்டாம். தொடர்மாடிகளில் மேல்வீட்டுக் குழாய் கசிவதும் உண்டு. கூரையில் மஞ்சள் வட்டம் தெரியும் இடத்தை விட்டுவிடுங்கள். காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள வீடுகளில் யன்னலுக்கு நேரே வைத்தால் உப்புக் காற்று நேராக வந்து படியும்.

எந்தச் சுவரானாலும் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் 5 செ.மீ. விடுங்கள். வெயில் நேரடியாக விழும் இடத்தில் முதுகுகள் சில மாதங்களிலேயே வெளுக்கும், முதலில் சிவப்பும் மஞ்சளும்.

5. நிக்க வைக்கிறதா, படுக்க வைக்கிறதா?

நிற்கவைப்பதே பொது விதி. நேராக, 90 பாகையில். சாய்ந்து நிற்கும் புத்தகத்தின் முதுகு முறுகி, சில மாதங்களில் அந்தச் சாய்வே அதன் வடிவமாகிவிடும். தட்டு நிறையாவிட்டால் உலோகத் தாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் தடித்த நாலைந்து புத்தகங்களைப் படுக்கவைத்து அடுத்தவற்றுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

அகராதி, பெரிய படப்புத்தகம், ஏ4 அளவைவிடப் பெரியவை, 5 செ.மீ.க்கு மேல் தடித்தவை ஆகியவற்றைப் படுக்கவைக்கலாம். பெரியது அடியில், மூன்று அல்லது நான்குக்கு மேல் போகாமல். தட்டு உயரம் போதவில்லை என்று புத்தகத்தைத் திறக்கும் விளிம்பு கீழே இருக்கும்படி மட்டும் வைக்காதீர்கள். தாள்களின் பாரம் முழுவதும் பசையிலிருந்து கீழ்நோக்கி இழுத்து, கட்டு கழன்றுவிடும். வேறு வழியே இல்லையென்றால் முதுகு கீழே இருக்கட்டும்.

6. எவ்வளவு இறுக்கமா அடுக்கலாம்? இடம் காணாது.

ஒரு புத்தகத்தின் இரு பக்கங்களையும் நடுவில் பிடித்து, பக்கத்திலுள்ளவை கூட வராமல் எடுக்க முடிந்தால் அளவு சரி. முதுகின் மேல் நுனியில் விரலைக் கொக்கிபோல மாட்டி இழுக்க வேண்டியிருந்தால் இறுக்கம் கூடிவிட்டது. பழைய புத்தகங்களில் முதலில் கிழிந்து தொங்குவது அந்த மேல் நுனிதான். சரியான முறை: இரு பக்கத்துப் புத்தகங்களையும் விரலால் சற்று உள்ளே தள்ளிவிட்டு, வேண்டியதை அதன் இடுப்பில் பிடித்து எடுப்பது.

ஒவ்வொரு தட்டிலும் கால்பங்கு வெறுமையாக விடுங்கள், பிரிவின் முடிவில். எல்லா வெற்றிடத்தையும் அலுமாரியின் கடைசித் தட்டில் சேர்த்துவைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் புதிதாக ஒரு கவிதைத் தொகுப்பு வந்ததும் மூன்று தட்டை நகர்த்த வேண்டிவரும்.

7. முன் விளிம்போட ஒட்டி வைக்கிறதா, உள்ளுக்குத் தள்ளிறதா?

முதுகுகள் எல்லாம் ஒரே கோட்டில், தட்டு விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே. பின்பக்கம் சிறியதும் பெரியதுமாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வெளியில்தான் காற்று ஓடும். உள்ளே தள்ளினால் முன்னால் மிஞ்சும் தட்டில் தூசியும் பேனாவும் மருந்துப் போத்தலும் வந்து குடியேறும். ஒரு நேரான மரச்சட்டத்தை முதுகுகளின் மேல் மெதுவாக ஓட்டினால் கோடு ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

8. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டும் இருக்கு. மொழி வாரியாப் பிரிக்கிறதா?

இலக்கியத்தை மொழி வாரியாகப் பிரியுங்கள். அறிவு நூல்களைப் பொருள் வாரியாகச் சேருங்கள். நாவல் தேடுபவர் ஒரு மொழியில் வாசிக்கும் மனநிலையோடு வருகிறார். இலங்கை வரலாறோ சமையலோ கணக்கியலோ தேடுபவருக்கு எந்த மொழியில் இருந்தாலும் விஷயம் வேண்டும். ஒரே பொருளுக்குள் தமிழ், பிறகு சிங்களம், பிறகு ஆங்கிலம் என்று ஒரு நிலையான வரிசை வைத்துக்கொள்ளலாம்.

அகராதிகளையும் இலக்கண நூல்களையும் மொழிகடந்து ஒரே இடத்தில், கையெட்டும் உயரத்தில் வையுங்கள். மொழிபெயர்ப்பு நாவலை அது எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியோடு வைக்கவேண்டும். மூலமொழியைத் தேடிப்போனால் 1ஆம் கேள்வியில் சொன்ன சோதனையில் தோற்றுவிடும்.

9. உயரம் பார்த்து, நிறம் பார்த்து அடுக்கினா வடிவா இருக்குமே?

உயரம், ஆம், ஓரளவு. ஒரு பிரிவுக்குள் கிரவுன் ஒரு பக்கம், டெமி ஒரு பக்கம் என்று வைத்தால் சிறிய புத்தகத்துக்குப் பக்கத்துப் பெரிய புத்தகத்தின் அட்டை வளையாது. தாங்கலும் சமமாகக் கிடைக்கும். நிறம் வேண்டாம். ஒரு நூலின் முதுகு என்ன நிறம் என்று வாங்கியவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும். மறுபதிப்பு வேறு அட்டையில் வந்தால் ஒரே ஆசிரியர் இரண்டு தட்டில் கிடப்பார்.

10. ஆசிரியர் பெயர்ப்படி அடுக்கிறதெண்டா, முன்னால வாற தலையெழுத்துகளை என்ன செய்றது?

விட்டுவிட்டுப் பெயரைப் பாருங்கள். நமது பெயர்களில் முன்னெழுத்து பெரும்பாலும் தகப்பனுடையது அல்லது ஊருடையது. க. கைலாசபதி ‘கை’யில், எம். ஏ. நுஃமான் ‘நு’வில். ஒரே பெயர் இருவருக்கு இருந்தால்தான் முன்னெழுத்து வேலைக்கு வரும். தன் பெயரோடு கணவர் அல்லது தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதுபவர்களுக்குச் சொந்தப் பெயரே முதன்மை. சிங்கள, ஆங்கில எழுத்தாளர்களுக்கு நூலக வழக்கப்படி குடும்பப் பெயர்: மார்ட்டின் விக்கிரமசிங்க ‘வி’யில். அவர் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வந்தாலும் அதே ‘வி’தான்.

புனைபெயர் என்றால் நூலின் முகப்பில் உள்ளபடியே வையுங்கள். செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல்களும் க. குணராசா என்ற இயற்பெயரில் புவியியல் நூல்களும் எழுதியவர் ஒருவரே; நாவல் ‘செ’யில், புவியியல் அதன் பொருட்பிரிவில். ஒரே பிரிவுக்குள் இரண்டு பெயரிலும் நூல்கள் வந்தால், அறியப்பட்ட பெயரோடு சேர்த்துவிட்டு, மற்ற இடத்தில் ஒரு மட்டைத் துண்டில் ‘இன்ன பெயரில் பார்க்க’ என்று எழுதிச் செருகுங்கள். பலர் எழுதிய தொகுப்புகளுக்கு நூலின் தலைப்பே முதலெழுத்து.

11. அகர வரிசையில ர, ற, ன, ண எல்லாம் குழம்புது. கொம்பியூட்டரில போட்டாலும் வேற மாதிரி வருது. எது சரி?

அகராதி வரிசைதான் சரி. உயிர் பன்னிரண்டு, பிறகு ஃ, பிறகு க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. அதன்பின் ஜ, ஷ, ஸ, ஹ. ஒரே மெய்க்குள் புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும்: ‘அக்கா’ முன்னால், ‘அகம்’ பின்னால்.

கணினியில் எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்ட குறியீட்டு வரிசை வேறு. அதில் ச-வுக்கு அடுத்து ஜ, ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற நிற்கின்றன. புள்ளியும் கடைசியில் இருக்கிறது. குறியீட்டை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் பத்மநாதன், பன்னீர்செல்வம், பரமேஸ்வரன் என்று தரும். அகராதிப்படி பத்மநாதன், பரமேஸ்வரன், பன்னீர்செல்வம். பட்டியலைக் கணினியில் வைப்பவர்கள் ஒரு தனி நிரலில் முதலெழுத்துக்கு எண் போட்டு அதன்படி வரிசைப்படுத்தலாம்: உயிர் 1–12, ஃ 13, க 14, ச 16, த 20, ப 22, ம 23 என்று போய் ன 31, ஜ 32. எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கமாக எழுதுங்கள். இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

அலுமாரியில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. ஒரு பிரிவில் 50 நூலுக்குக் குறைவென்றால் முதலெழுத்து ஒன்று சேர்ந்தால் போதும், உள்ளே எப்படி நின்றாலும் அரை நிமிடத்தில் கண்ணில் படும். வாசிகசாலை என்றால் இரண்டாம் எழுத்து வரை போங்கள்.

12. லைப்ரரியில மாதிரி நம்பர் ஒட்டலாமா?

500 நூலுக்குக் குறைவான வீட்டில் தேவையில்லை. பிரிவுக்கு ஒரு நிறப் பொட்டு போதும். அதற்கு மேல், அல்லது பலர் வந்து எடுக்கும் இடமென்றால், அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட, பொருளுக்கு ஒரு எண் கொடுக்கும் தசமப் பகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புப் பொது நூலகத்திலோ பாடசாலை நூலகத்திலோ பழகியவர்களுக்கு அந்த எண்கள் புதிதல்ல. நம் வீடுகளில் அடிக்கடி தேவைப்படுபவை: தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297, சமையல் 641.5, இலங்கை வரலாறு 954.93.

தமிழ் வீட்டில் ஒரு சிக்கல் எழும்: பாதி அலுமாரி 894.811 என்ற ஒரே எண்ணில் நிற்கும். ஆகவே எண்ணின் கீழ் ‘நா’, ‘சி’, ‘க’, ‘கட்’ என்று நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை பிரித்து, அதற்கும் கீழே ஆசிரியரின் முதல் இரண்டு எழுத்தை எழுதுங்கள். எண்ணை எவ்வளவு நீட்டுவது என்று கேட்பவர்களுக்கு, சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவதைச் சொல்வோம்: வாசகரின் நேரத்தைச் சேமி. தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்துக்கு மேல் வீட்டில் யாருடைய நேரமும் மிச்சமாவதில்லை.

சீட்டை முதுகின் அடியிலிருந்து 2.5 செ.மீ. உயரத்தில், எல்லா நூலிலும் ஒரே மட்டத்தில் ஒட்டுங்கள். பின்னட்டையில் 955 அல்லது 624 என்ற எண்ணோடு இருப்பது ஐ.எஸ்.பி.என் என்ற சர்வதேச நூல் எண், இலங்கைப் பதிப்பு என்று காட்டுமே தவிர, அடுக்கும் இடத்தைச் சொல்லாது.

13. மெல்லிய கவிதைப் புத்தகம், பழைய சஞ்சிகை, நினைவு மலர் எல்லாம் நிக்குதில்லையே?

முதுகில் பெயர் அச்சிட இடமில்லாத எதையும் தனியாக நிற்கவைக்காதீர்கள். தடித்த நூல்களுக்கு நடுவில் அகப்பட்டால் காணாமல் போனதற்குச் சமம். முன்பக்கம் திறந்த மட்டைப் பெட்டி வாங்குங்கள், அல்லது தானியப் பெட்டியைச் சரிவாக வெட்டிச் செய்யுங்கள். ஒரு பெட்டிக்கு 15 முதல் 20 நூல். பெட்டியின் முன்னால் உள்ளே இருப்பவற்றின் பெயர்ப் பட்டியல். சஞ்சிகைகள் ஆண்டு வாரியாக, இதழ் எண் இடமிருந்து வலம்.

இவற்றில் பெரும்பாலானவை கம்பிப் பின் அடித்தவை. நமது காற்றில் அந்தப் பின் துருப்பிடித்து நடுத்தாளை அரித்துவிடும். பின்னின் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, மெதுவாகக் கழற்றி, அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துக் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. ரப்பர் வளையம் போட்டுக் கட்டவேண்டாம். அது இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடா நல்லது. ஈழத்துச் சிறு வெளியீடுகள் பல சில நூறு பிரதிகளே அச்சிடப்பட்டவை. உங்கள் வீட்டில் இருப்பது எஞ்சியிருக்கும் சில பிரதிகளில் ஒன்றாக இருக்கக்கூடும். இந்தப் பெட்டிக்கு அலுமாரியில் மிக உலர்ந்த தட்டைக் கொடுங்கள்.

14. வாப்பாட குர்ஆன், தப்ஸீர் கிதாபுகள எங்க வெக்கிற? மத்த புத்தகத்தோட வெக்க மனசில்ல.

வேதநூல்களுக்கு மேல் தட்டைத் தனியாக ஒதுக்குங்கள்; அதன்மேல் வேறு எதுவும் அடுக்கப்படாமல் இருக்கட்டும். திருமுறை, விவிலியம் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே. துணியில் சுற்றுவதென்றால் பருத்தித் துணி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை துவைத்து நன்கு காயவைத்து. பட்டு, பொலியெஸ்டர் உறைக்குள் ஈரம் தங்கும். மேல் தட்டு கூரைக்குக் கிட்ட என்பதால், 4ஆம் கேள்வியில் சொன்ன கசிவை இங்கே அடிக்கடி பார்க்கவேண்டும். தப்ஸீர், உரை நூல்கள் பாரமானவை. அவற்றை அடுத்த தட்டில், நெஞ்சு உயரத்தில் வைத்தால் வயதானவர்கள் எடுக்கச் சுகம்.

15. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை எடுத்து வைக்கிறனாங்கள். அதால பழுதாகுமோ?

ஆகாது, இரண்டு விஷயத்தைக் கவனித்தால். சந்தனம் குங்குமத்தை அட்டையில் நேரே வைக்காமல், மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதில் வையுங்கள். விளக்கும் கற்பூரமும் புத்தகத்திலிருந்து ஒரு கையளவுக்கு மேல் தள்ளியே இருக்கட்டும். எண்ணெய்க் கறை போகாது. மற்றபடி நவராத்திரி வருடாந்தச் சுத்தத்துக்கு மிகப் பொருத்தமான காலம். ஒக்டோபர், நவம்பர் அடைமழைக்கு முன் ஒவ்வொரு தட்டும் வெறுமையாகித் தூசு தட்டப்படும். விஜயதசமியன்று திருப்பி அடுக்கும்போது வரிசையையும் சரிபார்த்துவிடலாம்.

16. ஒவ்வொரு மழைக்கும் பூஞ்சணம் பிடிக்குது. என்னதான் செய்றது?

காற்றின் சாரீரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் தாளில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதி அது 70க்கு மேல். ஆகவே ஈரத்தை முழுக்க விரட்ட நினைக்காமல், காற்றை ஓடவிடுங்கள். 3, 4, 6, 7ஆம் பதில்களில் சொன்ன இடைவெளிகள் எல்லாம் இதற்காகத்தான். தென்மேல் பருவமழை தொடங்கும் மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் தினமும் ஒரு மணித்தியாலம் மின்விசிறியை அலுமாரிப் பக்கம் திருப்பிவிடுங்கள். சிறிய ஈரமானி ஒன்று அலுமாரிக்குள் இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை.

பிடித்துவிட்டால் அந்த நூலை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காகித உறையில் வைத்துக் காற்றோட்டமான நிழலில் உலரவிடுங்கள். பூஞ்சணம் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்து தூளானபின், வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டு, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். இழுப்பு உள்ளவர்கள் இதைச் செய்யக்கூடாது. வெயிலில் விரிப்பது பலர் செய்யும் வேலை. அட்டை வளையும், தாள் மஞ்சளாகும். தட்டினாலும் போகாத பழுப்புப் புள்ளிகள் பழைய தாளின் நிறமாற்றம், அவற்றை விட்டுவிடலாம்.

17. பூச்சிக்கு நப்தலீன் உருண்டை போடலாமா? வேப்பிலை?

படுக்கையறையில் நப்தலீன் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தலைவலி தரும். ஜி6பிடி என்ற நொதியம் பிறப்பிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு. திறந்த அலுமாரியில் ஆவி தங்காததால் பூச்சிக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பச்சை வேப்பிலை ஈரத்தையும் கறையையும்தான் கொண்டுவரும். காய்ந்த இலையைத் துணிப்பையில் கட்டித் தட்டின் மூலையில் வைப்பதில் தீங்கில்லை. அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

எந்தப் பூச்சி என்று பாருங்கள். தாளின் மேற்பரப்பு திட்டுத்திட்டாகச் சுரண்டப்பட்டிருந்தால் வெள்ளிமீன் பூச்சி, பசையும் ஈரமும் தேடி வருவது. அட்டை ஓரம் கொறிக்கப்பட்டுக் கரும்புள்ளிகள் இருந்தால் கரப்பான். குண்டூசித் துளைகளும் மாத்தூளும் வண்டுப் புழு. சுவரில் மண்கோடு ஏறினால் கறையான். அலுமாரியை உடனே சுவரிலிருந்து இழுத்துவிட்டுத் தொழில்முறைக் கறையான் ஒழிப்பாளரைக் கூப்பிடுங்கள். புழு, வெள்ளிமீன் பிடித்த நூலைப் பொலித்தீன் பையில் காற்றை நீக்கிக் கட்டி, வீட்டு உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் வியர்க்கும்.

மருதானையில் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையோரப் பழைய புத்தகக் கடைகளில் வாங்குவது நல்ல பழக்கம். எங்கே வாங்கினாலும் பழைய நூலை நேரே அலுமாரிக்கு ஏற்றாமல் மூன்று வாரம் தனிப் பையில் வைத்துப் பாருங்கள்.

18. கண்ணாடிக் கதவு போட்டா பிரச்சினை எல்லாம் தீருமா? ஏசி அறையில வச்சா?

தூசியும் பல்லி எச்சமும் தீரும். ஈரம் உள்ளே அடைபடும். கதவு வேண்டுமென்றால் மேலும் கீழும் காற்றுத் துளை விடச் சொல்லுங்கள். மழையில்லாத நாளில், வாரத்துக்கு இருமுறை அரை மணித்தியாலம் திறந்துவையுங்கள். சிலிக்கா ஜெல் நன்றாக மூடும் பெட்டியில்தான் வேலை செய்யும். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தாமல் வைத்திருப்பதில் பயனில்லை.

ஏசி தொடர்ந்து ஓடும் அறை புத்தகத்துக்கு நல்லது. இரவில் மட்டும் போட்டுக் காலையில் நிறுத்தி யன்னலைத் திறக்கும் அறை நல்லதல்ல. குளிர்ந்த அட்டைகளில் வெளிக்காற்றின் ஈரம் படியும். அப்படியான அறையில்தான் வைக்கவேண்டும் என்றால், ஏசியை நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து யன்னலைத் திறவுங்கள்.

19. எல்லாப் புத்தகத்துக்கும் கவர் போடவா?

பிள்ளைகளின் பாடநூலுக்குப் போடுங்கள். மற்றவற்றுக்கு வேண்டாம். பத்திரிகைத் தாளில் அமிலம் உண்டு, அட்டையைப் பழுப்பாக்கும்; இறுக்கமான பிளாஸ்டிக் ஈரத்தைப் பிடித்துவைக்கும்; செலோடேப் மஞ்சளாகிப் பசையாக வழியும். முதுகுப் பெயர் மறைந்தால் அடுக்கியதற்கும் பொருளில்லை.

20. இடமில்லை. ஒரு வரிசைக்குப் பின்னால இன்னொரு வரிசை வைக்கலாமா?

25 செ.மீ. ஆழத் தட்டில் வேண்டாம், காற்றே போகாது. 35 செ.மீ.க்கு மேல் ஆழமென்றால் பின்வரிசைக்கு 10 செ.மீ. உயரப் பலகைப்படி ஒன்று போட்டு ஏற்றுங்கள். முன்வரிசையின் தலைக்கு மேல் பெயர்கள் தெரியும். பின்னால் வைக்கவேண்டியது முன்னால் உள்ளவற்றின் தொடர்ச்சியாக, அதே பிரிவாக இருக்கட்டும். இன்னும் நல்ல வழி, மீண்டும் வாசிக்கமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தவற்றை ஒரு வாசிகசாலைக்குக் கொடுப்பது. கொடுக்கும் முன் அவர்களிடம் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்; அவர்களுக்கும் இடம் சொற்பம்தான்.

21. இரவல் போனது திரும்பி வரவே வராது. அடுக்கில இதுக்கு ஏதும் வழி?

எடுத்த இடத்தில் ஒரு மட்டைத் துண்டைச் செருகுங்கள், புத்தகத்தைவிட 3 செ.மீ. உயரமாக: நூல், கொண்டுபோனவர், திகதி. கொப்பியில் எழுதுவது மறந்துபோகும். அலுமாரியில் நீட்டிக்கொண்டு நிற்கும் மட்டை ஒவ்வொரு நாளும் கண்ணில் படும். வீட்டுக்குள்ளேயே வேறு அறைக்குப் போன புத்தகத்துக்கும் இதைச் செய்தால் தேடல் பாதியாகக் குறையும்.

22. வெள்ளத்தில, இல்லாட்டி கூரை ஒழுகி நனைஞ்சா காப்பாத்தலாமா?

48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலும் முடியும். அதற்குள் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். சற்றே நனைந்தவற்றை விசிறிபோல விரித்து நிற்கவைத்து மின்விசிறிக் காற்றில் விடுங்கள். நன்றாக நனைந்தவற்றைப் படுக்கவைத்து, 20 பக்கத்துக்கு ஒரு உறிஞ்சுதாள் செருகி, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதிகமாகச் செருகினால் முதுகு வெடிக்கும். அச்சிட்ட பத்திரிகைத்தாளின் மை ஒட்டும் என்பதால் சமையலறைக் காகிதச் சுருள் நல்லது. வழவழப்பான தாள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அவற்றை முதலில் கவனியுங்கள்.

ஒரே நேரத்தில் பல நூல் நனைந்தால், கவனிக்க முடியாதவற்றைப் பொலித்தீனில் சுற்றி உறைபெட்டியில் போட்டு நேரத்தை வாங்கிக்கொள்ளலாம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்க வீடுகள் நீரில் நின்றதை நினைத்தால், களனி ஆற்றை அண்டிய தாழ்ந்த இடங்களில் இருப்பவர்கள் கீழிரண்டு தட்டில் திரும்ப வாங்கக்கூடிய நூல்களை மட்டும் வைப்பது நல்லது. வெள்ளநீரில் கழிவும் கலந்திருக்கும், கையுறை போடுங்கள்.

23. வீடு மாறப்போறம். இவ்வளவு ஒழுங்கும் குலையாமக் கொண்டுபோறது எப்படி?

போட்டோப்பிரதிக் கடைகளில் ஏ4 தாள் வரும் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து கட்டுத் தாள் கொண்ட பெட்டி 12.5 கிலோ தாங்கச் செய்யப்பட்டது. புத்தகம் நிரப்பினாலும் ஏறக்குறைய அதே நிறைதான் வரும், ஒருவர் தூக்கலாம், அடி விடாது. பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் அடுக்கியவை படியிலேயே கிழிந்து கொட்டும்.

இறக்கும் முன் ஒவ்வொரு தட்டையும் கைபேசியில் படம் எடுங்கள். மேல் தட்டின் இடது கோடியிலிருந்து தொடங்கிப் பெட்டிகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, எண்ணைப் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். மேல் மூடியில் எழுதினால் ஒன்றின்மேல் ஒன்று வைத்ததும் மறையும். பெட்டிக்குள் படுக்கையாக, பெரியது அடியில், இடைவெளியில் கசக்கிய வெற்றுத்தாள். புதிய வீட்டில் அலுமாரியை நிறுத்தி, 4ஆம் பதிலில் சொன்னபடி சுவரைப் பார்த்து, நிறம்பூசி இரண்டு வாரமாவது ஆன பின்பே பெட்டிகளைத் திறவுங்கள். ஈரச் சுவர்ப் பூச்சு விடும் ஈரம் முழுவதையும் தாள் குடித்துவிடும். அதுவரை பெட்டிகள் நிலத்தில் படாமல் இரண்டு மரச்சட்டங்களின் மேல் இருக்கட்டும்.